நீலகிரிச் சதுப்பில் மகரந்தம் எண்ணப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

ஏழு மாதம் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து மகரந்தத் துகள் எண்ணினேன். 82 சாம்பிள், ஒவ்வொன்றிலும் 300 துகளுக்குக் குறையாமல். எல்லாம் முடிந்த பிறகுதான் காலக்கணிப்பு முடிவு கைக்கு வந்தது. ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்த மண், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருந்த மண்ணைவிடப் பழையது என்றது அது. கீழே போகப் போகப் பழசாக வேண்டியது என் கோரில் (சதுப்பில் குழாய் இறக்கி நெடுக எடுத்த மண் தண்டில்) தலைகீழாக இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ அந்தச் சதுப்பில் வடிகால் வெட்டி, வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே புரட்டிப் போட்டிருக்கிறார்கள். சாம்பிள்களை அனுப்பக் காசில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது நான்தான். யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

இரண்டாவது தடவை வேறு இடத்தில், வேறு வரிசையில் செய்தேன். அந்த வரிசைதான் இங்கே இருக்கிறது. முதுகலை புராஜெக்டுக்கோ ஆராய்ச்சிப் பட்டத்துக்கோ பீட் பக்கம் வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

பீட் என்பது சதுப்பில் தண்ணீருக்கடியில் காற்றுப் படாமல் அரைகுறையாக மக்கி, அடுக்கடுக்காகச் சேர்ந்த செடிகொடிகளின் மிச்சம். ஊட்டியைச் சுற்றியுள்ள மலைப் பள்ளத்தாக்குகளில் கருப்பு அல்வா மாதிரி கிடக்கும். அந்தந்தக் காலத்தில் காற்றிலும் தண்ணீரிலும் வந்து விழுந்த மகரந்தம் அதற்குள் கெடாமல் இருக்கிறது. அடுக்கடுக்காக அதை எண்ணினால் எந்தக் காலத்தில் என்ன வளர்ந்தது என்று தெரியும்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"பழைய காலத் தாவரங்களைப் பற்றி" என்று எழுதினால் அது கேள்வி ஆகாது. "இந்தப் பள்ளத்தாக்கில் சோலைக்காடு எப்போது சுருங்கியது?" "வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இங்கே தீ வைத்து மேய்த்தார்களா?" இப்படி இருக்க வேண்டும். எந்தச் சோதனை, எத்தனை சாம்பிள், எவ்வளவு செலவு என்பதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

புல்வெளியா காடா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றால், மகரந்தத்தைவிடக் கார்பன் ஐசோடோப் (எடை வேறுபடும் கார்பன் அணுக்களின் விகிதம்) சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடிக்கும் விதத்தை வைத்துச் செடிகளை சி3, சி4 என்று பிரிப்பார்கள். மரங்களும் குளிர்ப்பகுதிப் புற்களும் சி3 வகை. அவற்றின் டெல்டா கார்பன்-13 மதிப்பு (அந்த விகிதத்தை ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்லும் எண்) சுமார் மைனஸ் 27. வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை சி4. அவற்றுக்குச் சுமார் மைனஸ் 12. பீட்டில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் ஈரக் காலமா வறண்ட காலமா என்று ஊகிக்கலாம். சூழலியலாளர் சுகுமாரும் அவருடைய குழுவினரும் நீலகிரி பீட்டில் இதைச் செய்து 1993-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் நீலகிரி வறண்டு, சி4 புற்கள் ஓங்கியிருந்தன என்பது அதிலிருந்து தெரிந்தது. உங்கள் கேள்வி அதே கேள்வியாக இருந்தால் புதிதாக என்ன சேர்க்கப் போகிறீர்கள் என்பதையும் அந்த ஒரு வரியிலேயே எழுதிவிடுங்கள். கைடு எப்படியும் கேட்பார்.

எந்தச் செடி, எந்த மரம் என்று தெரிய வேண்டுமானால் மகரந்தம்தான் வழி. அதற்கு ஒரு வருடம் ஒதுக்குங்கள்.

2. இடத்தை நடந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் சதுப்பு இல்லை. நீலகிரியில் சதுப்பாக இருந்த பள்ளங்கள் பல இன்று கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் வயல்கள். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கோரை நிற்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். என் முதல் இடம் அப்படித்தான்.

பார்க்க வேண்டியவை: நேர்கோடாக ஓடும் வாய்க்கால் இருந்தால் அது மனிதர் வெட்டியது, விட்டுவிடுங்கள். மேல் சரிவில் சாலை வெட்டியிருந்தால் சரிந்த மண் சதுப்புக்குள் வந்திருக்கும். எருமைகள் இறங்கிப் புரளும் இடமென்றால் மேல் அடுக்கு கலங்கியிருக்கும். கரையில் பம்புசெட் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பக்கத்தில் இருக்கும் வயதானவர்களிடம் கேளுங்கள். "இங்கே எப்பவாவது விவசாயம் பண்ணியிருக்காங்களா?" என்ற ஒரே கேள்வி எனக்கு ஏழு மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும். தோடர் பழங்குடியினரின் மந்து (குடியிருப்பு) பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்கள் எருமை மேய்க்கும் நிலம் அது. சில இடங்கள் அவர்களுக்குப் புனிதமானவை, அங்கே கம்பி குத்தக் கூடாது. அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலும் கேட்டுவிட்டு இறங்குவதுதான் முறை.

இடம் பிடித்துவிட்டால் திருகிச் சேர்க்கும் மெல்லிய இரும்புக் கம்பியால் ஆழம் பாருங்கள். சதுப்பின் குறுக்கே ஐந்து மீட்டருக்கு ஒரு குத்து. பீட்டில் கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். களிமண் வந்தால் இழுத்துப் பிடிக்கும், சரளை வந்தால் கையில் 'கறகற' என்று தெரியும். ஆழமான இடம் எப்போதும் நடுவில் இருக்காது. அரை நாள் வேலைதான், ஆனாலும் பலர் இதைச் செய்யாமல் நடுவில் போய்க் குத்திவிட்டு வருகிறார்கள்.

3. அனுமதி: இதற்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்

"விலங்கைத் தொடப் போவதில்லை, மண்தானே" என்று நினைக்காதீர்கள். 1927-ம் வருட இந்திய வனச் சட்டத்தில் வன விளைபொருள் பட்டியலிலேயே பீட் என்று பெயர் சொல்லிப் போட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக்கென்று 1882-ம் வருடத்துத் தனி வனச் சட்டம் இருக்கிறது. காட்டு நிலத்திலிருந்து எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு டப்பா சேறு எடுத்தாலும் பிரச்சினைதான்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். நீலகிரியில் ஒரே பள்ளத்தாக்கின் இந்தக் கரை காப்புக்காடாகவும் அந்தக் கரை வருவாய்த்துறை நிலமாகவும் இருக்கும். முக்கூர்த்தி போன்ற தேசியப் பூங்காவுக்குள் என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 வந்துவிடும், தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் அதிகம் தோண்டிய சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆட்டுப் பண்ணை இருக்கிறது. அந்த நிலம் என்றால் அவர்களிடம் கேட்க வேண்டும். தனியார் எஸ்டேட்டாக இருந்தால் மேனேஜரின் ஒரு கடிதம் போதும். முதல் முறை செய்கிறவர்கள் நல்ல சதுப்பு கிடைத்தால் எஸ்டேட்டிலேயே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம் என்பேன்.

வனத்துறைக்குப் போகும் கட்டில் நான் வைத்தவை:

- துறைத்தலைவர் கையெழுத்திட்ட முகப்புக் கடிதம்
- இரண்டு பக்கத்துக்குள் ஆய்வுச் சுருக்கம், தமிழிலும் ஒரு பக்கம்
- ஜிபிஎஸ் எண்களோடு இடத்தின் வரைபடம்
- எத்தனை துளை, என்ன விட்டம், மொத்தம் எத்தனை கிலோ மண் என்ற கணக்கு
- வரப்போகிறவர்களின் பெயர், அடையாள அட்டை நகல், வாகன எண்
- வேலை முடிந்ததும் அறிக்கை தருவதாக உறுதிமொழி

அந்தத் தமிழ்ப் பக்கம் ரொம்ப உதவியது. கோப்பு சென்னையில் நகர்ந்தாலும் கடைசியில் உங்களோடு சதுப்புக்கு நடந்து வரப்போவது ரேஞ்சு அலுவலகத்து வனக்காப்பாளர். என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. மண் அளவை முதல் விண்ணப்பத்தில் நான் "தேவையான அளவு" என்று எழுதியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து அந்த ஒரு கேள்வியோடு கோப்பு திரும்பி வந்தது. ஐந்து செ.மீ. விட்டத்தில் இரண்டு துளை என்றால் மொத்தமே பத்துப் பதினைந்து கிலோதான். அதை அப்படியே எண்ணாக எழுதுங்கள்.

சாம்பிளை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். உயிரியல் பன்மயச் சட்டத்தின் கீழ் சென்னையிலேயே இருக்கும் தேசிய உயிரியல் பன்மய ஆணையத்திடம் ஏதாவது வாங்க வேண்டுமா என்று கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் எழுதிக் கேட்டு வையுங்கள். போய்ச் சேரும் நாட்டின் மண் இறக்குமதி விதி தனி.

இலங்கையிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோட்டன் சமவெளியிலும் நல்ல பீட் உண்டு, அங்கிருந்து சுமார் 24,000 வருடத்துக்கான மகரந்தப் பதிவு வெளிவந்திருக்கிறது. அது தேசியப் பூங்கா என்பதால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் தொடங்க வேண்டும்.

4. எப்போது போவது, எதைத் தூக்கிப் போவது

பிப்ரவரி, மார்ச். இரண்டு மழைக்காலமும் முடிந்திருக்கும், சதுப்பில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். ஜனவரியிலும் போகலாம், ஆனால் காலையில் உறைபனியில் கோர் எடுக்கும் கருவியின் இரும்புக் கைப்பிடியைப் பிடிக்கவே முடியாது.

கருவி: ரஷ்யன் கோரர். அரைவட்டக் குழாயும் அதை மூடும் தகடும் கொண்டது, அறை 50 செ.மீ. நீளம். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் உங்கள் மொத்த பட்ஜெட்டும் போய்விடும். முதலில் யாரிடமாவது இரவல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கோயம்புத்தூரில் ஒரு நல்ல லேத் பட்டறையில் படம் காட்டிச் செய்துகொள்ளலாம். எங்களுக்கு நீட்டுக் கம்பிகளோடு இருபதாயிரத்துக்குள் முடிந்தது. துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். தகடு குழாயோடு இடைவெளி இல்லாமல் உட்கார்கிறதா என்று பட்டறையிலேயே சுழற்றிப் பாருங்கள்.

மற்றவை: நெடுவாக்கில் இரண்டாக அறுத்த பிவிசி குழாய், கிளிங் ஃபிலிம், அலுமினியத் தாள், அளவு நாடா, கத்தி, பல் துலக்கும் பிரஷ், பென்சில், தண்ணீரில் கரையாத லேபிள், கேமரா, மண்ணின் நிறம் ஒப்பிடும் மன்செல் அட்டை, நின்று வேலை பார்க்க இரண்டு பலகை. பலகை இல்லாமல் போனால் கோர் எடுக்கும் இடத்தை நீங்களே மிதித்துக் குழப்பிவிடுவீர்கள்.

ஒரு பொறி: நீலகிரியில் பிளாஸ்டிக் தடை கடுமை. மலையேறும்போது சோதனைச்சாவடியில் எங்கள் வண்டியில் கிளிங் ஃபிலிம் சுருளும் நூறு ஜிப் பையும் இருந்ததைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். அவர்கள் செய்ததில் தவறே இல்லை. "ஆராய்ச்சிக்கு, திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவோம்" என்று துறையிலிருந்து ஒரு கடிதம் இருந்திருந்தால் முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும். வண்டிக்கு இ-பாஸும் எடுக்க வேண்டும். 2024 மே முதல் வந்த நடைமுறை இது, கிளம்புவதற்கு முன்பு தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் ஒன்றுக்கு ஜீப், இரண்டு உதவியாளர் கூலி, சாப்பாடு சேர்த்து நாங்கள் போனபோது எட்டாயிரம் ஆனது. இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது நாள் மழைக்கு.

5. கோர் எடுக்கும் நாள்

மேல் 40 செ.மீ.க்குக் கோரர் வேண்டாம். அந்தப் பகுதி வேரும் நாருமாகப் பஞ்சு போல இருக்கும், குழாய்க்குள் நசுங்கிவிடும். கத்தியால் கேக் வெட்டுவது போலச் சதுரமாக வெட்டி, அப்படியே பெட்டியில் இறக்குங்கள்.

அதற்குக் கீழே கோரர். மூடிய நிலையில் வேண்டிய ஆழத்துக்கு அழுத்துங்கள், கைப்பிடியை அரைவட்டம் திருப்புங்கள், மெதுவாக மேலே இழுங்கள். இழுக்கும்போது சதுப்பு 'ப்ளக்' என்று விடும். கூடவே அழுகிய முட்டை வாடை வரும். பதறாதீர்கள், காற்றுப் புகாமல் இருந்ததற்கு அதுதான் அடையாளம். தகட்டைத் திறந்தால் 50 செ.மீ.க்கு ஈரம் மின்னும் கருப்பு அரைவட்டம். நாலைந்து நிமிடத்தில் மேற்பரப்பு காற்றுப் பட்டு இன்னும் கறுத்துவிடும். அடுக்கு மாறும் கோடுகள் அதற்குள் மறைந்துபோகும் என்பதால் திறந்த நொடியிலேயே அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் மன்செல் நிறம், நார் இருக்கிறதா, கரித்துண்டு இருக்கிறதா, மணல் நெருடுகிறதா என்று குறிப்பு.

கோரரின் கூர்முனை தனக்குக் கீழே உள்ள பத்து செ.மீ.யைக் கலக்கிவிடும். அதனால் ஒரே துளையில் தொடர்ந்து எடுக்கக் கூடாது. அரை மீட்டர் தள்ளி இரண்டாவது துளை போட்டு, இதில் ஒன்று அதில் ஒன்று என்று மாற்றி மாற்றி, பத்து செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுங்கள். ஒவ்வொரு தடவையும் குழாயைக் கழுவ வேண்டும், அதற்குச் சதுப்புத் தண்ணீரையே எடுக்காதீர்கள். அதில் இன்றைய மகரந்தம் மிதக்கிறது. இரண்டு கேன் தண்ணீர் கொண்டுபோங்கள்.

எது மேல், எது கீழ்: இதில் தவறாதவர் குறைவு. ஈரமான அலுமினியத் தாளில் மார்க்கர் பேனா நிற்காது. எங்கள் கோர் ஒன்றின் எழுத்து ஊட்டியிலிருந்து இறங்குவதற்குள் அழிந்துவிட்டது. படத்தில் தெரிந்த ஒரு மரக்குச்சியை வைத்துத்தான் தலை எது கால் எது என்று கண்டுபிடித்தோம். பிவிசி குழாயிலேயே மேல் முனையில் ஹேக்சா பிளேடால் ஒரு வெட்டுக்குறி போட்டுவிடுங்கள். அது அழியாது.

போன கையோடு சுற்றியுள்ள புல்வெளி, சோலை, வாட்டில் மரத் தோப்பு எல்லாவற்றிலிருந்தும் பாசிக்கொத்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வாருங்கள். பாசியில் கடந்த சில வருடங்களின் மகரந்தம் தங்கியிருக்கும். இன்றைய சோலைக்காடு மகரந்தத்தில் எப்படித் தெரிகிறது என்று தெரியாமல் அந்தக் காலச் சோலைக்காட்டை அடையாளம் காண முடியாது. இதற்கும் அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

ஊருக்கு வந்ததும் கோர்கள் நாலு டிகிரி குளிரறைக்கு. உறைய வைக்காதீர்கள். களத்தில் காட்டெருமை நின்றால் வேலையை நிறுத்திவிட்டு வனக்காப்பாளர் சொல்வதைக் கேளுங்கள்; அவ்வளவுதான் அதற்கு.

6. எண்ணுவதற்கு முன் தேதி

கோர் திறந்த முதல் மாதமே நாலு சாம்பிளைக் கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்பிவிடுங்கள்: அடியில் ஒன்று, மேலே 50 செ.மீ. அளவில் ஒன்று, நிறமோ தன்மையோ சட்டென்று மாறும் இடத்தில் ஒன்று, அதற்கும் அடிக்கும் நடுவில் ஒன்று. நாலும் மேலிருந்து கீழே வரிசையாக வயது ஏறினால் மட்டும் மகரந்த வேலையைத் தொடங்குங்கள். ஏறாவிட்டால் நஷ்டம் நாலு தேதிக்கான காசும் ஒரு பயணமும் மட்டுமே.

டெல்லியில் இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டரிலும் அகமதாபாத்தில் ஃபிசிக்கல் ரிசர்ச் லேபரட்டரியிலும் ஏஎம்எஸ் முறையில் (கார்பன் அணுக்களை முடுக்கி நேரடியாக எண்ணுவது) செய்கிறார்கள். அதற்கு மில்லிகிராம் அளவு கார்பன் போதும். லக்னோவில் பீர்பல் சாஹ்னி நிறுவனத்திலும் கதிரியக்கக் கார்பன் வசதி உண்டு. பழைய முறையில் செய்வதானால் கிராம் கணக்கில் சாம்பிள் வேண்டியிருக்கும். வெளிநாட்டு வணிக லேப்களில் ஒரு சாம்பிளுக்குச் சில நூறு டாலர். சில வாரத்தில் முடிவு வந்துவிடும். நம் நாட்டு லேப்களில் மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு, வரிசை நீளம். எனக்கு இரண்டாவது முறை ஏழு மாதம் ஆனது. கோர் எடுப்பதற்கு முன்பே விண்ணப்பத்தைப் போட்டு வரிசையில் இடம் பிடித்துவிடுவது நல்லது.

எதை அனுப்புவது? இலைத் துணுக்கு, விதை, மெல்லிய குச்சி கிடைத்தால் அதுதான் சிறந்தது. நீலகிரி பீட் பெரும்பாலும் நன்றாக மக்கிப்போனது, துணுக்கு கிடைப்பது அபூர்வம். அப்போது மண்ணையே அனுப்ப வேண்டிவரும். அதற்கு முன் உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஒவ்வொரு வேராகப் பொறுக்கி எடுங்கள். இன்றைய கோரையின் வேர் ஒரு மீட்டர் கீழே போய்ப் பழைய பீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அது கலந்தால் தேதி இளசாகிவிடும். சாம்பிளை ஈரத்தோடு பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அதுவும் இன்றைய கார்பன்தான். 50, 60 டிகிரியில் உலர்த்திக் கண்ணாடிக் குப்பியில் போடுங்கள். பஞ்சு, டிஷ்யூ, காகிதம் எதிலும் சுற்றாதீர்கள்.

முடிவு வந்ததும் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. லேப் தருவது கார்பன் வயது, காலண்டர் வயது அல்ல. இரண்டிலுமே "இன்று" என்பது 1950. கார்பன் வயதை இன்ட்கால்20 என்ற வளைவை வைத்துக் காலண்டர் வயதாக மாற்ற வேண்டும். அதற்கான மென்பொருள்கள் ஆக்ஸ்கால், கேலிப் இரண்டும் இலவசம். 10,000 கார்பன் வருடம் என்பது மாற்றினால் சுமார் 11,500 காலண்டர் வருடம். 90-களில் வந்த நீலகிரிக் கட்டுரைகளில் பலதும் மாற்றாத வயதையே சொல்கின்றன. என் முதல் கருத்தரங்கில் அந்தக் கட்டுரைகளின் வரைபடத்தையும் என் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "1,500 வருடம் முன்னதாகவே இங்கே மாற்றம்" என்று பெருமையாகச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பேராசிரியர், "ரெண்டும் ஒரே வருஷமாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

வயதுக்கும் ஆழத்துக்கும் கோடு வரைய ஆர் என்ற கணினி மொழியில் 'பேக்கன்' என்ற நிரல் இருக்கிறது. அதில் கோடு எங்காவது செங்குத்தாகத் தாவினால், அந்தக் காலத்தில் சதுப்பு காய்ந்து பீட் வளரவே இல்லை, அல்லது வளர்ந்தது அழிந்தது என்று அர்த்தம். அந்த இடைவெளியைச் சமமாக நிரப்பி வயது போடாதீர்கள்.

இன்னொரு கணக்கும் செய்துகொள்ளுங்கள். இரண்டு மீட்டர் பீட் 20,000 வருடம் என்றால் ஒரு செ.மீ.க்கு நூறு வருடம். அந்த இடத்தில் ஒரு செ.மீ. சாம்பிள் எடுத்துவிட்டுப் பத்து வருட வறட்சியைப் பற்றி யாரும் பேச முடியாது.

7. லேப்: ஆசிட்டோடு விளையாடாதீர்கள்

முதலில் எரிப்புச் சோதனை. உலர்த்தி எடை போட்டு, 550 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்து, மறுபடி எடை. குறைந்தது தாவரப் பொருள், மிஞ்சியது மண். மஃபிள் ஃபர்னஸ் (மூடிய மின் உலை) பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கும். செலவே இல்லாமல் கோரின் முழுக் கதையும் ஓரளவு தெரிந்துவிடும். எந்த ஆழத்தில் மகரந்தத்துக்கு வெட்டலாம் என்பதையும் இதுவே சொல்லும்.

மகரந்தத்துக்கு ஒரு கன செ.மீ. மண் போதும். எத்தனை துகள் என்று கணக்குப் போடுவதற்கு, எண்ணிக்கை முன்பே தெரிந்த லைகோபோடியம் (பெரணி போல வித்து விடும் சிறு செடி) வித்து மாத்திரையை முதலிலேயே போட வேண்டும். 20,000 வித்து போட்டு, எண்ணும்போது 300 மகரந்தமும் 60 வித்தும் வந்தால், ஒரு கன செ.மீ.யில் ஒரு லட்சம் மகரந்தம். ஆனால் நீலகிரி மலையிலேயே லைகோபோடியம் இனங்கள் வளர்கின்றன! ஒன்றிரண்டு சாம்பிளை மாத்திரை போடாமல் செய்து, இயற்கையாக எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பத்து நிமிடம் சுடுநீரில் வைத்து, சல்லடையில் வடிகட்ட வேண்டும். தேநீர் டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் வரும். அது தெளியும்வரை கழுவுங்கள். மணல் நிறைய இருந்தால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். இதைத் தனியாக ஒருநாளும் செய்யாதீர்கள். தோலில் பட்ட உடனே வலிக்காமல் இருக்கலாம், ஆனால் உள்ளே போய் எலும்பைத் தின்னும். புகைக் கூண்டு, அதற்கென்ற கையுறை, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இந்த மூன்றும் இல்லாத லேபில் இந்தப் படியே வேண்டாம். பாட்டில், குழாய் எல்லாம் பாலிபுரோப்பிலீன்தான்; கண்ணாடியை அரித்துவிடும். எரிப்புச் சோதனையில் மண் குறைவு என்று தெரிந்த அடுக்குகளுக்கு நான் இதைத் தவிர்த்துவிட்டேன், பெரிய நஷ்டம் இல்லை.

கடைசியில் அசெட்டோலிசிஸ், அதாவது மகரந்தத்தோடு இருக்கும் மற்றத் தாவர மிச்சத்தை அமிலத்தில் கரைப்பது: ஒன்பது பங்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடுக்கு ஒரு பங்கு கந்தக அமிலம். தண்ணீர் ஒரு சொட்டு இருந்தாலும் பொங்கித் தெறிக்கும், அதனால் இதற்கு முன்பு கிளேசியல் அசெட்டிக் அமிலத்தில் கழுவி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். அசெட்டிக் அன்ஹைட்ரைடு வாங்குவதே ஒரு வேலை. ஹெராயின் தயாரிக்கப் பயன்படுவதால் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். தனிநபராகக் கடையில் போய்க் கேட்காதீர்கள். கல்லூரியின் கொள்முதல் பிரிவு வழியாக, அவர்கள் கேட்கும் படிவங்களோடுதான். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. களப்பயணத்துக்கு முன்பே இதை ஆரம்பித்துவிடுங்கள்.

8. எண்ணுவது

நானூறு மடங்கு உருப்பெருக்கத்தில், ஸ்லைடில் வரிவரியாக. முதல் வாரம் எல்லாமே ஒரே மாதிரி உருண்டையாகத் தெரியும். கண் பழக ஒரு மாதம் ஆகும். புல் மகரந்தம் வழவழப்பான உருண்டை, வளையம் கட்டிய ஒற்றைத் துளை. எந்தப் புல் என்று சொல்ல முடியாது. கோரைக் குடும்பம் பேரிக்காய் வடிவம். ரோடோடென்ட்ரான் நாலு துகள் ஒட்டிய கொத்து. வாட்டில் பதினாறு துகள் சேர்ந்த தட்டு, ஒரு தடவை பார்த்தால் மறக்காது. பைனுக்கு இரண்டு பக்கமும் காற்றுப்பை, மிக்கி மவுஸ் தலை மாதிரி.

ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி ஸ்லைடு வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்தியத் தாவரங்களின் மகரந்தத் தொகுப்பு ஆயிரக்கணக்கில் இருக்கிறது. மகரந்தவியலாளர் தணிகைமணி பணிபுரிந்த இடம் அது. முன்கூட்டியே எழுதி நாள் வாங்கிக்கொண்டு, அடையாளம் தெரியாதவற்றின் படங்களோடு போங்கள். ஒரு வாரம் அங்கே உட்கார்ந்தது ஆறு மாதப் புத்தகப் படிப்புக்குச் சமம்.

யூகலிப்டஸும் நாவல் இனங்களும் ஒரே குடும்பம், இரண்டும் முக்கோண மகரந்தம். இது முக்கியம், ஏனென்றால் நாவல் இனங்கள் சோலைக்காட்டு மரங்கள், யூகலிப்டஸ், வாட்டிலைப் போலவே, 19-ம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஒன்றை மற்றதாக எண்ணினால் காடு அழிந்த இடத்தில் காடு வளர்ந்ததாகக் கதை மாறிவிடும். அளவையும் சுவரின் தடிமனையும் பாருங்கள், சந்தேகம் வந்தால் குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். வாட்டிலும் யூகலிப்டஸும் நிச்சயமாகத் தெரியும் அடுக்குகள் கடந்த இருநூறு வருடத்துக்குள் சேர்ந்தவை. காசு கொடுக்காமல் கிடைக்கும் தேதி அது.

300 என்ற எண்ணிக்கையில் நிலத் தாவரங்கள் மட்டும் இருக்கட்டும். கோரையும் பெரணி வித்தும் சதுப்பிலேயே வளர்பவை, தனியாக எழுதுங்கள்.

9. வரைபடம் வரைந்த பிறகு

டிலியா என்ற மென்பொருள் அல்லது ஆர் மொழியின் 'ரியோஜா' போதும், ரியோஜாவுக்குக் காசில்லை. வரைவது ஒரு நாள் வேலை. படிப்பதுதான் கஷ்டம்.

சோலைக்காட்டின் முக்கிய மரங்களில் பல லவங்கப்பட்டைக் குடும்பம். அந்தக் குடும்பத்து மகரந்தத்தின் சுவர் மிக மெல்லியது. மண்ணிலேயே சிதைந்துவிடும், தப்பியது அசெட்டோலிசிஸில் கரைந்துவிடும். ஸ்லைடில் அது இல்லை என்பதால் காட்டில் இல்லை என்று எழுதாதீர்கள். மீதிச் சோலை மரங்களிலும் நிறைய பூச்சிகளை நம்பியவை, மகரந்தத்தைக் காற்றில் இறைப்பதில்லை. புல்லோ அள்ளி இறைக்கும். ஐந்து சதவீதச் சோலை மகரந்தம் பக்கத்திலேயே நல்ல காடு இருந்ததைக் குறிக்கலாம். நீங்கள் எடுத்து வந்த பாசிக்கொத்து இங்கேதான் கைகொடுக்கும்.

சதவீதத்திலும் ஏமாறக் கூடாது. புல் கூடினால் மற்றதெல்லாம் குறைந்த மாதிரித் தெரியும், உண்மையில் குறைந்திருக்காது. லைகோபோடியக் கணக்கில் வந்த துகள் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐசோடோப்பிலும் இதே மாதிரி: கோரைகளில் சி3-யும் உண்டு, சி4-ம் உண்டு. டெல்டா மதிப்பு மாறினால் அது மலை முழுக்க நடந்ததா, இந்தச் சதுப்பில் மட்டும் கோரை மாறியதா என்று மகரந்தத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

என் இரண்டாவது கோரில் கரித்துகள் திடீரென்று கூடும் ஓர் அடுக்கு இருந்தது. மனிதர் வைத்த தீ என்று எழுதத் துடித்தேன். கைடு அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் "யார் பார்த்தது?" என்று எழுதினார். இப்போது அது "தீ அதிகரித்தது" என்று மட்டும் இருக்கிறது.

மிச்சமிருக்கும் கோர் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிளிங் ஃபிலிமைப் புதிதாகச் சுற்றி, இடம், தேதி, ஆழம், மேல் முனை எல்லாம் எழுதிக் குளிரறையிலேயே வையுங்கள். வனத்துறைக்குத் தருவதாகச் சொன்ன அறிக்கையையும் மறக்க வேண்டாம். அது போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று அடுத்த தடவை விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள். என்னிடம் கேட்டார்கள்.